அடித்த சொற்களில் பிறந்த ஓவியர்

கவிஞன் எழுதியவை நூலாகின்றன, நூல்கள் நிலைக்கின்றன. அவன் எழுதி, மனம் ஒப்பாமல் அடித்துவிட்ட சொற்கள் என்ன ஆகின்றன என்று எவரும் வினவுவதில்லை. கவிதை அச்சேறியதும் கையெழுத்துப் படி கிழிபடும்; அடித்தல்களும் அதனோடு மறையும். வங்கத்துப் பெருங்கவிஞர் இரவீந்திரநாத் தாகூர், தாம் அடித்த சொற்களை அவ்வாறு விட்டுவிட மனமின்றி உற்று நோக்கினார். அந்த அடித்தல்களிலிருந்து பெயரில்லாத விலங்குகள் எழுந்தன. பறவைகள் அலகு நீட்டின. துயரம் தோய்ந்த பெண் முகங்கள் எட்டிப் பார்த்தன. அறுபத்தேழு வயதளவில் அவர் ஓவியரானார். அதன்பின் வாழ்ந்த பதின்மூன்று ஆண்டுகளில் 2,000க்கும் மேற்பட்ட ஓவியங்களைத் தீட்டினார்.

கவிதைக்கும் ஓவியத்துக்கும் உள்ள உறவு நாமக்கல் மண்ணுக்குப் புதியதன்று. மோகனூரில் 1888ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் பிறந்த வெ. இராமலிங்கம் பிள்ளை, நாமக்கல் கவிஞர் என்று நாடு போற்றுவதற்கு முன்னரே ஓவியர் இராமலிங்கமாக அறிமுகமானவர். அவர் தூரிகையிலிருந்து எழுதுகோலுக்கு வந்தார். தாகூர் எழுதுகோலிலிருந்து தூரிகைக்குச் சென்றார். இருவரும் ஒரே ஆண்டில், ஏறத்தாழ ஒரே கிழமையில், தத்தம் இரண்டாம் கலையோடு உலகின் முன் நின்றனர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. தாகூரின் கவிதைகளைத் தமிழுலகம் மொழிபெயர்ப்புகளின் வழி நன்கறியும். ஓவியராகிய தாகூரின் வாழ்வு அவ்வளவாக இங்குப் பேசப்படவில்லை. கவிதை எழுதுவோர் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்வு அது.

இளமையும் இழப்பும்

கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், தேவேந்திரநாதர், சாரதா தேவி இணையரின் பதினான்காம் பிள்ளையாக இரவீந்திரர் பிறந்தார். செல்வமும் கல்வியும் இசையும் நிறைந்த குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. வீட்டிலேயே ஆசிரியர்கள் வந்து வடமொழியும் ஆங்கிலமும் கணக்கும் உடற்பயிற்சியும் கற்பித்தனர். சித்திரப் பாடமும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. ஆயினும் அவர் கை அதில் தேறியதாக அந்நாளில் எவரும் கருதவில்லை. அண்ணன் ஜோதிரிந்திரநாதர் உருவப்படம் வரைவதில் வல்லவர். உறவில் மைந்தர் முறையாகிய ககனேந்திரநாதரும் அவனீந்திரநாதரும் பின்னாளில் இந்திய ஓவியக் கலைக்குப் புத்துயிர் அளித்த முன்னோடிகள். ஓவியர்கள் சூழ்ந்த வீட்டில் இரவீந்திரர் ஒருவரே ஓவியம் தமக்கு வாராது என்று ஒதுங்கியிருந்தார். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் அவர் கண்ணுக்குக் குறை இருந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர் கருதுவர்.

கவிதை அவருக்கு இளமையிலேயே கைவந்தது. இழப்பும் இளமையிலேயே வந்தது. 1875இல், பதின்மூன்று வயதில், தாயை இழந்தார். வெறுமை சூழ்ந்த அவ்வீட்டில் அவருக்குத் துணையாக இருந்தவர் ஜோதிரிந்திரநாதரின் மனைவி காதம்பரி தேவி. வயதில் சற்றே மூத்த அவ்வம்மையார் இளங்கவிஞரின் முதல் வாசகர். தயவு காட்டாத திறனாய்வாளரும் அவரே. 1884ஆம் ஆண்டு ஏப்ரலில் காதம்பரி தேவி தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அப்போது இரவீந்திரருக்கு வயது இருபத்திரண்டு. அந்த மரணத்தைப் பற்றி அவர் பலமுறை எழுதினார். எழுதித் தீர்ந்ததாகத் தெரியவில்லை.

அதன்பின் 1902இல் மனைவி மிருணாளினி தேவி மறைந்தார். 1903இல் மகள் ரேணுகா, 1905இல் தந்தை, 1907இல் இளைய மகன் சமீந்திரன், 1918இல் மூத்த மகள் மாதுரிலதா என இழப்புகள் தொடர்ந்தன. இத்தனைக்கும் இடையே அவர் சாந்திநிகேதனத்தில் 1901இல் பள்ளி நிறுவினார். 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்துத் தெருவில் இறங்கிப் பாடினார். 1913இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். 1919இல் தென்னாட்டில் பயணம் செய்தபோது மதனப்பள்ளியில் தங்கி, பின்னர் நாட்டுப்பண் ஆன தம் பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதே ஆண்டு ஜாலியன்வாலாபாக் படுகொலையைக் கண்டித்து, ஆங்கில அரசு அளித்த சர் பட்டத்தைத் துறந்தார். உலகம் அவரை வெண்தாடி வேந்தராக, அமைதியின் உருவாக, கீழைநாட்டு ஞானியாகப் பார்த்தது. அந்தத் தோற்றத்துக்குள் அடங்காதவை பல அவருள் இருந்தன. அவற்றுக்கு இடம் எங்கே என்பதுதான் அவர் முதுமையின் வினாவாயிற்று.

கண் திறந்த காட்சிகள்

1916இல் அவர் ஜப்பானுக்குச் சென்றார். யோகோஹாமாவில் ஹாரா தொமிதாரோ என்னும் செல்வரின் இல்லத்தில் தங்கி, அந்நாட்டுப் பெருங்கலைஞர்களின் திரைகளையும் சுருள்களையும் நாள்கணக்கில் கண்டார். பரந்த வெற்றிடத்தில் ஒரே ஒரு கோட்டின் வலிமையால் ஓவியம் நிற்பதை அங்கு உணர்ந்தார். வங்க ஓவியம் சிறு வடிவங்களிலும் மென்மையான நிறங்களிலும் பழங்கதைகளிலும் தேங்கிவிடுமோ என்னும் கவலை அவருக்கு உண்டாயிற்று. வீட்டை விட்டு வெளியே வந்து உலகைப் பார்க்குமாறு மைந்தர்களை மடல்களில் வற்புறுத்தினார். 1919இல் சாந்திநிகேதனத்தில் கலாபவனம் தொடங்கியது. நந்தலால் போஸ் அதன் தூணாக விளங்கினார்.

1922ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. ஜெர்மனியின் வைமர் நகரிலிருந்த பௌஹவுஸ் கலைப்பள்ளியிலிருந்து காண்டின்ஸ்கி, பால் கிளே முதலியோரின் நீர்வண்ண ஓவியங்களும் அச்சோவியங்களும் கப்பலேறி வந்தன. சாந்திநிகேதனத்தில் கலை வரலாறு கற்பித்த ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையார் அதற்கு முன்னின்றார். ஐரோப்பாவிலேயே பலர் ஏளனம் செய்த புதுமை ஓவியங்கள் இந்திய மண்ணில் கீழ்த்திசை ஓவியர் கழகத்தின் ஓவியங்களோடு ஒரே கூரையின் கீழ்த் தொங்கின. அக்கண்காட்சியே தாகூரை ஓவியராக்கிற்று என்று சொல்வது மிகை. காட்சியைப் போன்மை செய்யாமலும் ஓவியம் ஓவியமாக நிற்கக்கூடும் என்பது அவர் வாழ்ந்த சூழலில் அன்று விதையாக விழுந்தது என்ற அளவில் கொள்ளலாம்.

அடித்தலும் உருவமும்

1924இன் இறுதியில் பெரு நாட்டின் விடுதலை நூற்றாண்டு விழாவுக்காகக் கடற்பயணம் மேற்கொண்ட தாகூர், வழியில் நோயுற்று அர்ஜென்டினாவில் இறங்கினார். புவனஸ் ஐரிஸ் நகருக்கு அருகே சான் இசித்ரோவில் ஆற்றை நோக்கிய ஒரு மாளிகையில் அவரைத் தங்கவைத்துப் பேணியவர் விக்தோரியா ஒகாம்போ என்னும் எழுத்தாளர். அங்கே இரண்டு திங்கள் அளவு தங்கி, பின்னர்ப் பூரபி என்னும் தொகுதியில் இடம்பெற்ற கவிதைகள் பலவற்றை எழுதினார். 1925இல் வெளிவந்த அந்நூலை விஜயா என்று தாம் பெயரிட்டழைத்த ஒகாம்போவுக்கே உரிமையாக்கினார்.

அந்தக் கையெழுத்து ஏடுகளில்தான் ஓவியர் பிறந்தார். ஒரு வரியை எழுதுவார்; அடிப்பார்; மாற்றி எழுதுவார்; அதையும் அடிப்பார். அடிபட்ட சொற்கள் தாளின்மேல் உருக்குலைந்து கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஓர் அடித்தலையும் மற்றோர் அடித்தலையும் கோட்டால் இணைப்பார். இணைத்த கோடு ஒரு முதுகாகும். மற்றொரு கோடு கழுத்தாகும். விட்டுவைத்த வெண்புள்ளி கண்ணாகும். சில நாழிகையில், நல்ல வரிகள் ஒதுங்கி நிற்க, தாளின் நடுவே உலகில் எங்கும் இல்லாத ஒரு விலங்கு அமர்ந்திருக்கும். தாளக்கட்டு பிசகிய சொற்களுக்கு வேறொரு தாளத்தில் வாழ்வு கொடுத்தார் எனலாம். கவிதைக்கு இன்றியமையாத ஒழுங்குணர்ச்சியே இங்கும் வேலை செய்தது. பொருள் மட்டும் விலகிக்கொண்டது.

ஒகாம்போ அவ்வேடுகளைக் கண்டு வியந்தார். அடித்தல்களை வெறும் கிறுக்கல் என்று எண்ணாமல் ஓவியம் என்று முதலில் உணர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். 1928 அளவில் தாகூர் கவிதையின் துணையை விட்டுத் தனித்தாளில் வரையத் தொடங்கினார். அவருக்கு முறையான பயிற்சி இல்லை. வண்ண மைகளே பெரும்பாலும் அவருடைய நிறங்கள். எழுதுகோலின் முனையும் அதன் பின்புறமும், கந்தைத் துணியும், விரல் நுனியும் அவருடைய கருவிகள். கிடைத்த தாளில், பெரும்பாலும் ஒரே அமர்வில், விரைந்து தீட்டி முடிப்பார். கவிதையில் நூறு முறை திருத்திய கை ஓவியத்தில் திருத்துவதற்கு நிற்கவில்லை.

1930ஆம் ஆண்டு

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் விளங்கி, பின்னர்த் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமம் கண்ட இராஜாஜியின் தலைமையில், உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியம் நோக்கி நடந்தனர். அவர்கள் வழிநடைப் பாட்டாகப் பாடிச் சென்றது இராமலிங்கம் பிள்ளை இயற்றிய பாடல். தாலுகா அலுவலக எழுத்தராகவும் ஆசிரியராகவும் இருந்து பார்த்து, அவற்றை விடுத்து உருவப்படம் எழுதிப் பிழைத்த நாமக்கல் ஓவியர், நாற்பத்தொன்றாம் வயதில் தமிழகம் முழுவதற்கும் கவிஞரானார். ஏப்ரல் 30ஆம் நாள் வேதாரணியத்தில் உப்பு அள்ளப்பட்டது, இராஜாஜி சிறைப்பட்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மே 2ஆம் நாள், பாரிஸ் நகரின் பிகால் கலைக்கூடத்தில் தாகூரின் ஓவியங்கள் 125 காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒகாம்போவின் முயற்சியால் கூடம் கிடைத்தது. கவிஞர் அன்னா த நோவாய் காட்சிப் பட்டியலுக்கு முகவுரை எழுதினார். எழுபதை நெருங்கிய உலகப் புகழ் கவிஞர், முதற்காட்சி வைக்கும் இளைஞனைப் போல அங்கு நின்றார். அங்கிருந்து அவ்வோவியங்கள் இலண்டன், பெர்லின், டிரெஸ்டன், மியூனிக், கோபன்ஹேகன், ஜெனீவா, மாஸ்கோ, நியூயார்க் எனப் பல நகரங்களுக்குச் சென்றன.

நாடு கொதித்த அவ்வேளையில் ஒருவர் ஓவியத்தை விட்டுப் பாட்டுக்கு வந்தார்; மற்றொருவர் பாட்டை விட்டு ஓவியத்துக்குப் போனார். இதில் உயர்வு தாழ்வு காண்பது பொருந்தாது. நாமக்கல் கவிஞரின் பாட்டுக்கு ஆயிரம் குரல்கள் வேண்டியிருந்தன. நடக்கும் கால்களுக்கு அது தாளமாக அமைய வேண்டியிருந்தது. அத்தகைய பாட்டுகளைத் தாகூர் 1905இலேயே நாட்டுக்குக் கொடுத்திருந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அவரிடம் எஞ்சியிருந்தது, கூடிப் பாட முடியாத ஒன்று.

குன்றின் உருவும் ஏட்டின் உருவும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கிளைத்த ஓவிய இயக்கம் வெளிப்பாட்டியம் எனப்படும். 1905இல் டிரெஸ்டன் நகரில் இளைஞர் சிலர் கூடிப் பாலம் என்னும் பெயரில் அமைத்த குழு அதன் தொடக்கங்களுள் ஒன்று. கண் கண்டதைக் கண்டவாறு எழுதாமல், அகம் பட்டதை நிறத்தாலும் கோட்டாலும் வெளியே தள்ளுவது அதன் நெறி. அச்சம் மிகுந்தால் முகம் நீளும்; துயரம் மிகுந்தால் வானம் கருக்கும். நார்வே நாட்டு எட்வர்ட் மூங்க் 1893இல் தீட்டிய அலறல் ஓவியம் அந்நெறிக்கு முன்னோடி. தாகூர் எந்தக் குழுவிலும் சேர்ந்தவர் அல்லர். எனினும் அவருடைய ஓவியங்களைத் திறனாய்வாளர் பலர் இந்நெறியோடு சார்த்தியே நோக்குவர். பெர்லினில் அவற்றைக் காட்சிக்கு வைத்த பெர்டினாண்ட் மோலர், வெளிப்பாட்டிய ஓவியர்களை ஆதரித்த கலை வணிகரே.

இந்நெறி மேலைநாட்டுக்கே உரியது என்று கருத வேண்டுவதில்லை. நாமக்கல் குன்றில் எட்டாம் நூற்றாண்டளவில் குடையப்பெற்ற நரசிங்கர் குடைவரையில் இரணியனைப் பிளக்கும் சிற்பம் உள்ளது. அதனைச் செதுக்கிய சிற்பி உடல் அளவுகளை மட்டும் கருதியிருந்தால் அச்சினம் கல்லில் ஏறியிராது. சேலம் வட்டாரத்து முனியப்பன் கோயில்களில் பிதுங்கிய விழியும் முறுக்கிய மீசையுமாக அமர்ந்திருக்கும் பேருருவங்களும், தெருக்கூத்தில் முகத்தை மறைத்து அரிதாரம் பூசி எழுதும் வேடமும் அவ்வகையினவே. உள்ளதை உள்ளவாறு காட்டுவதைவிட உணர்ந்ததை உணர்ந்தவாறு காட்டுவதே மெய் என்று நம்பிய கலைகள் அவை. இவற்றைக் கண்டு வளர்ந்த கண்ணுக்குத் தாகூரின் விலங்குகளும் முகமூடிகளும் அயலாகத் தோன்றா.

வேறுபாடு ஒன்று உண்டு. குடைவரைச் சிற்பிக்கும் கூத்துக் கலைஞருக்கும் கதை முன்னரே உண்டு. காண்போர் அனைவரும் அறிந்த கதை அது. தாகூரின் ஓவியத்துக்குக் கதை இல்லை. பெயரும் இல்லை. தலைப்பிடுமாறு கேட்டவர்களுக்கு அவர் இணங்கவில்லை. ஓவியத்தின் வேலை வெளிப்படுத்துவது. விளக்குவது அன்று என்பது அவர் கொள்கை. வாழ்நாள் முழுவதும் சொற்களால் விளக்கிய ஒருவர், சொல்லே நுழையாத ஓரிடத்தைத் தமக்கென ஒதுக்கிக்கொண்டார்.

தில்லிக் கூடத்தில்

புதுதில்லியில் இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் அரசருக்காக 1936இல் கட்டப்பெற்ற மாளிகையில் தேசிய நவீன கலைக்கூடம் அமைந்துள்ளது. 1954ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள், நேரு உடனிருக்க, அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார். திருத்தணியில் பிறந்த அவ்வறிஞர் 1918இலேயே தாகூரின் தத்துவம் குறித்து நூல் எழுதியவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அம்ரிதா ஷெர்கில்லின் ஓவியங்களால் சிறப்புற்ற அக்கூடத்தில் தாகூரின் ஓவியங்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. சாந்திநிகேதனத்து இரவீந்திர பவனத்துக்கு அடுத்து அவற்றைக் காண ஏற்ற இடம் அது.

காண வருவோரில் பலர் முதலில் ஏமாற்றம் அடைவர். பெருங்கவிஞரின் ஓவியம் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்முன் நிற்பவை சிறு தாள்கள். ஒளி பட்டால் மை வெளிறும் என்பதால் இத்தகைய தாளோவியங்களை மங்கிய வெளிச்சத்திலேயே வைப்பது வழக்கம். அருகே சென்று குனிந்துதான் காண வேண்டும். காணக் காண, இருள் அடர்ந்த பழுப்பிலிருந்து ஒரு பெண் முகம் மெல்ல வெளிவரும். முட்டை வடிவில் நீண்ட முகம், முக்காடு, எதையும் கேட்காத, எதையும் விடாத கண்கள். அழகுபடுத்தும் நோக்கம் எள்ளளவும் இல்லை. இத்தகைய முகங்களில் காதம்பரி தேவியின் நினைவைக் காண்போர் உளர். அதனை முடிந்த முடிபாகக் கொள்ள வேண்டுவதில்லை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவிதைக்குள் அடங்காத ஏதோ ஒன்று அங்கு மீண்டும் மீண்டும் வந்து நிற்கிறது என்பதை மட்டும் மறுக்க இயலாது.

பெண் முகங்களை அடுத்து விந்தை விலங்குகள். பாதி கலமும் பாதி பறவையுமான உருவங்கள். தனியே நிற்கும் அங்கி அணிந்த மனிதர்கள். கருத்த மரங்களுக்குப் பின்னே மஞ்சள் எரியும் அந்தி வானங்கள். கீதாஞ்சலியின் அமைதியைத் தேடி வந்தவருக்கு இவை அதிர்ச்சி தரும். ஆனால் அவ்வமைதி எவற்றையெல்லாம் உள்ளே அடக்கிக்கொண்டு எழுதப்பட்டது என்பதை இவை காட்டுகின்றன. தாயும் தோழியும் மனைவியும் மக்களும் மறைந்த வீட்டில் இருந்துகொண்டு அருளைப் பாடியவர் அவர். அப்பாடல் பொய்யன்று; அதுவே முழுமையும் அன்று.

ஏற்றலும் தள்ளலும்

மேலைநாடுகளில் கிடைத்த வரவேற்பு தாய்நாட்டில் உடனே கிடைக்கவில்லை. 1931ஆம் ஆண்டு இறுதியில், எழுபதாம் ஆண்டு நிறைவு விழாவையொட்டிக் கல்கத்தா நகர மண்டபத்தில் ஓவியங்கள் வைக்கப்பட்டன. காண வந்தோர் கவிஞரை வணங்கினர். ஓவியத்தின் முன் திகைத்தனர். முதியவரின் பொழுதுபோக்கு என்று பேசினோரும் உண்டு. நாட்டுப்புறக் கோட்டின் வலிமையை நன்குணர்ந்த ஜாமினி ராய் போன்ற ஓவியர்களே அவற்றின் ஆற்றலை மதித்தனர். இந்தியர் தம் ஓவியங்களை உணர்ந்துகொள்ளக் காலம் செல்லும் என்பதைத் தாகூர் அறிந்திருந்தார். ஆயினும் வரைவதை நிறுத்தவில்லை. 1937இல் வந்த விளையாட்டு நூல்களான காப்சாடாவுக்கும் சேவுக்கும் தாமே சித்திரம் எழுதினார். 1940இல் சித்ரலிபி என்னும் ஓவியத் தொகுப்பு வெளிவந்தது.

ஜெர்மனியில் நேர்ந்தது இதனினும் கொடிது. 1930இல் தாகூரின் ஓவியங்கள் ஐந்து பெர்லின் தேசியக் கலைக்கூடத்தில் இடம்பெற்றன. அயல்நாட்டார் ஒருவருக்குக் கிடைத்த பெரும் பேறு அது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1937இல் நாஜிகள் புதுமை ஓவியங்களை இழிந்த கலை என்று பழித்து, நாடெங்குமுள்ள கூடங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் அகற்றினர். மூங்க், கிளே, காண்டின்ஸ்கி ஆகியோரின் படைப்புகளோடு தாகூரின் ஐந்து ஓவியங்களும் அகற்றப்பட்டன. கல்கத்தாக் கண்காட்சியில் இந்தியர் கண்ட ஓவியர்களும், அவர்களை வரவேற்ற நாட்டின் கவிஞரும், ஒரே பட்டியலில் குற்றவாளிகளாயினர். எந்தக் குழுவிலும் சேராத தாகூரை வெளிப்பாட்டிய ஓவியர்களோடு ஒருங்கு நிறுத்தியது, ஒரு வகையில், அவர்களை வெறுத்தவர்களின் கைதான்.

அந்நகருக்கே அவர் ஓவியங்கள் மீண்டும் சென்றன. 150ஆம் பிறந்த ஆண்டையொட்டி, கலை வரலாற்றறிஞர் ஆர். சிவகுமார் தொகுத்த இறுதி அறுவடை என்னும் கண்காட்சி 2011இல் பெர்லினில் தொடங்கி, நியூயார்க், இலண்டன், பாரிஸ், ரோம் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் வலம் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு, இங்கிலாந்தின் டார்டிங்டன் ஹால் அறக்கட்டளையிடமிருந்த பன்னிரண்டு ஓவியங்கள் இலண்டனில் ஏலம் போயின. அவை ஏறத்தாழ 16 இலட்சம் பவுண்டு பெற்றன. பொழுதுபோக்கு என்று ஒதுக்கப்பட்டவை இன்று நாட்டின் கலைச் செல்வமாகச் சட்டத்தின் காப்பில் உள்ளன. தாகூரின் ஓவியம் எதனையும் இந்தியாவிலிருந்து அயல்நாட்டுக்கு விற்று அனுப்புதல் இயலாது.

திருத்தப்படாத கவிதை

1937ஆம் ஆண்டு செப்டம்பரில் கடும் நோயால் தாகூர் நினைவிழந்தார். மரணத்தின் வாயில்வரை சென்று மீண்ட அப்பட்டறிவு பிராந்திக் என்னும் கவிதை நூலாயிற்று. அதன்பின் எழுதிய கவிதைகளில் அணிகள் குறைந்தன, வரிகள் சுருங்கின, கோடுகள் போலச் சொற்கள் நேராயின. ஓவியம் அவர் கவிதைக்குச் செய்த உதவி அது என்று கொள்ளலாம். எதனைச் சொல்லில் வைப்பது, எதனைச் சொல்லாமல் விடுவது என்பதைத் தூரிகை பிடித்த பத்தாண்டுகள் அவருக்கு மீண்டும் கற்பித்தன.

1941ஆம் ஆண்டு சூலையில் நோய் முற்றி, சாந்திநிகேதனத்திலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டார். சூலை 30ஆம் நாள், பிறந்த வீட்டிலேயே அறுவை மருத்துவம் நடைபெற்றது. அன்று காலை, எழுதுகோல் பிடிக்க இயலாத நிலையில், ஒரு கவிதையை வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். பின்னர்த் திருத்திக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். திருத்துவதற்கு நேரம் வாய்க்கவில்லை. ஆகஸ்ட் 7ஆம் நாள் அவர் மறைந்தார். அடித்தலையும் உருவமாக்கிய கவிஞரின் கடைசிக் கவிதையில் அவர் கையால் ஓர் அடித்தலும் இல்லை.

நாமக்கல் கவிஞர் 1949இல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார். 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள் மறைந்தார். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவிடமாகவும் நூலகமாகவும் பேணப்படுகிறது. அவ்வில்லத்தைக் கண்டவர்கள், தில்லி செல்ல நேரும்போது தேசிய நவீன கலைக்கூடத்துக்கும் சென்று, தாகூரின் சிறு தாள்கள் காட்சியில் இருப்பின் அவற்றின் முன் சற்று நேரம் நிற்பது நலம். கவிதை எழுதுவோர் தம் அடித்தல்களை அவசரப்பட்டுக் கிழித்தெறியாமல், ஒருமுறை உற்று நோக்கவேனும் அந்தக் காட்சி கற்றுத்தரும்.